செதுக்காத பக்கம்

அமெரிக்காவின் பழைய குடை ராட்டினங்களில் நிற்கும் மரக்குதிரைக்கு இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்காது. வலப்பக்கத்தில் பிடரி மயிர் சுருள் சுருளாகப் புரளும். மார்புப் பட்டையில் கண்ணாடிக் கற்கள் பதித்திருக்கும். சேணத்தின் பின்விளிம்பில் ஒரு கழுகோ, சிறகு முளைத்த குழந்தையோ ஒட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கம் வந்து பார்த்தால், அதே குதிரைக்கு வேலை பாதியில் நின்றுபோனது போலத் தோன்றும். மயிர் மேலோட்டமான கோடுகளாகிவிடும், கற்கள் குறையும், ரோஜா இருந்த இடத்தில் வெறும் பட்டை ஓடும். அந்தத் தொழிலில் அலங்காரம் மிகுந்த பக்கத்தை ‘ரொமான்ஸ் பக்கம்’ என்பார்கள். அந்த நாட்டில் வாழ்ந்த காலத்தில் பூங்காக்களிலும் அருங்காட்சியகங்களிலும் நான் பார்த்த மரக்குதிரைகளை இன்று நினைத்தால், மனத்தில் முதலில் வருவது அந்த மற்றப் பக்கம்தான். அதைக் குறையென்று எண்ணியே பலரும் கடந்து போகிறார்கள். இந்தக் கலை யாருக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நான் நினைக்கிறேன். காசு கொடுத்து ஏறியவருக்காக இந்த விலங்குகள் செதுக்கப்படவில்லை. வேலிக்கு வெளியே, இன்னும் ஏறாமல் நிற்பவருக்காகச் செதுக்கப்பட்டன.

இதைப் புரிந்துகொள்ள ராட்டினம் சுற்றும் திசையைக் கவனித்தால் போதும். அமெரிக்க ராட்டினம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. ஆகவே குதிரையின் வலப்பக்கம் எப்போதும் வெளியே, கூட்டத்தைப் பார்த்திருக்கும். இங்கிலாந்தில் கடிகாரத் திசையிலேயே சுற்றுவதால் அங்கே இடப்பக்கத்துக்கு அலங்காரம் அதிகம். திசை மாறினால் அழகும் இடம் மாறுகிறது. வரிசைகளுக்குள்ளும் இதே கணக்குதான். வெளிவரிசையில் நிற்பவை பெரிய விலங்குகள். பல ராட்டினங்களில் அவை மேலும் கீழும் போகாமல் கால் ஊன்றி நிற்கும். உள்ளே போகப் போக உருவம் சிறுக்கும், அணிகலன் குறையும், குதித்து ஏறி இறங்கும் குதிரைகள் வரும். மேடையில் ஏறுகிற பிள்ளை பொதுவாகக் குதிரையின் இடப்பக்கத்திலிருந்துதான் சேணத்தில் கால் போடுகிறது. உட்கார்ந்த பின் அதன் கண்ணுக்குத் தெரிவது கழுத்தின் மேற்புறம், காதுகள், கையில் பிடித்த பித்தளைக் கம்பி, அவ்வளவே. தான் ஏறியிருக்கும் குதிரையின் ரோஜாவையும் கழுகையும் அந்தப் பிள்ளை பார்க்கவே முடியாது. பார்ப்பவர்கள், வெளியே கைப்பையோடு நிற்கும் தாயும், அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் வேறு பிள்ளைகளும்.

இப்படி வெளியே நிற்பவரை உள்ளே இழுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வரலாறே பதில். ஜெர்மனியிலிருந்து வந்த குஸ்தவ் டென்ட்ஸெல், அலமாரியும் மேசையும் செய்த தச்சர். 1867-இல் பிலடெல்பியாவில் ராட்டினத் தொழிலைத் தொடங்கினார். அவருடைய தந்தையும் ஜெர்மனியில் அதே தொழில் செய்தவர். சார்லஸ் லூஃப் என்ற இன்னொரு ஜெர்மானியர், புரூக்ளினில் மரச்சாமான் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் விலங்குகளைச் செதுக்கி, 1876-இல் கோனி ஐலண்டின் முதல் ராட்டினத்தை நிறுத்தினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கடற்கரை மின்விளக்குகளும் இரைச்சலும் நிறைந்த கேளிக்கைச் சந்தையாகிவிட்டது. லூனா பார்க் 1903-இலும் ட்ரீம்லேண்ட் 1904-இலும் திறந்தன. அத்தனை விளக்குகளுக்கு நடுவே ஒரு மரக்குதிரை கண்ணில் பட வேண்டுமென்றால் அடக்கமாக நின்றால் ஆகுமா? லித்துவேனியாவின் வில்னியஸ் பக்கத்திலிருந்து வந்த மார்கஸ் இலியன்ஸ், காற்றில் தீப்பிடித்தாற்போல் பறக்கும் பிடரிகளைச் செதுக்கி அவற்றின்மேல் தங்க ரேக்கு ஒட்டினார். ரஷ்யாவிலிருந்து வந்த சாலமன் ஸ்டைன், ஹாரி கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவரும் பெரிய பல் தெரியும் வாயும் பெரிய பூக்களுமாகக் குதிரைகளைச் செய்தார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் இன்று சுற்றும் 57 குதிரைகள் அவர்கள் 1908-இல் செய்தவை. கோனி ஐலண்டில் ஒரு டிராலி நிலையத்தில் கிடந்த அந்த ராட்டினத்தை, பூங்காவில் முன்பிருந்தது 1950-இல் எரிந்துபோனதால் கொண்டுவந்து வைத்தார்கள். பிலடெல்பியாவில் போக்கு வேறு. டென்ட்ஸெல் பட்டறையின் டேனியல் முல்லர் கலைக்கல்லூரியில் சிற்பம் படித்தவர். குதிரைப்படையின் சேணம், தண்ணீர்க் குப்பி, ஊதுகுழல் வரை வார் வாராக, கொக்கி கொக்கியாகச் செதுக்கினார். அதே பட்டறையில் இத்தாலியரான சால்வதோரே செர்னிலியாரோ, வாயில் மீன் கவ்விய பூனையும் முயலும் நெருப்புக்கோழியுமாக ஒரு விளையாட்டு விலங்குக் கூட்டத்தையே உருவாக்கினார்.

செய்முறையும் இதே கதையைச் சொல்கிறது. இந்தக் குதிரைகள் ஒரே மரக்கட்டையில் குடைந்தவை அல்ல. பாஸ்வுட் என்கிற, உளிக்கு இணங்கும் மென்மையான வெளிர் மரத்தைப் பலகைகளாக அறுத்து, வச்சிரப் பசையால் அடுக்கி ஒட்டி, வயிற்றுப் பகுதியைப் பெட்டி போலக் கூடாக விட்டிருப்பார்கள். கூடாக இருப்பதால் கனம் குறைகிறது; கனம் குறைந்தால் மேலே சுற்றும் சட்டங்களுக்கும் பற்சக்கரங்களுக்கும் பாரம் குறைகிறது. முழு மரம் வெயிலுக்கும் மழைக்காற்றுக்கும் வெடிக்கும். அடுக்கிய மரம் அவ்வளவு எளிதில் வெடிக்காது. கால்களில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு பிள்ளை மிதித்த மிதியில் முறியும். கழுத்தும் தலையும் தனித்துண்டு. பட்டறையில் தலைமைச் செதுக்குநர் தலையைப் பிடிப்பார். உடலும் காலும் அடுத்தவர்களுக்கு. உப்புத்தாள் போடுவது பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு. இலியன்ஸ் தன் குதிரைகளின் தலைகளைத் தன் கையாலேயே செதுக்குவதில் பிடிவாதமாக இருந்தவர் என்று சொல்வார்கள். ஆக, எந்த இடத்துக்கு எந்தக் கை, எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் என்ற முடிவு உளி எடுக்கும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. செதுக்காத பக்கம் அந்த முடிவின் ஒரு பகுதி. சோம்பலில் விட்டுப்போனதாக இருந்தால், ஒரு குதிரையில் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போயிருக்கும். நான் பார்த்தவரை, வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பட்டறைகளின் குதிரைகளில், அது அதே பக்கத்தில்தான் இருந்தது.

இது முதலாளியின் கஞ்சத்தனம், இதற்கு ஏன் இவ்வளவு பெரிய விளக்கம் என்று ஒருவர் கேட்கலாம். கஞ்சத்தனம் இருந்தது உண்மை. டென்ட்ஸெலும் லூஃபும் கலைக்கு உயிரை விட்ட துறவிகள் இல்லை. விற்பனைக்குச் சரக்கு செய்தவர்கள். ஆனால் கஞ்சத்தனத்துக்குக் குறைக்கத்தான் தெரியும். எங்கே குறைத்தால் கண் ஏமாறாது, எங்கே கூட்டினால் கண் நிற்கும் என்பது கணக்கப்பிள்ளைக்குத் தெரியாத விஷயம். ஓடும் குதிரை, நிற்பவரின் கண்முன் இருக்கும் நேரம் சில நொடிகள். அந்த நொடிகளில் மெல்லிய நுணுக்கம் காணாமல் போகும்; ஆழமாக வெட்டிய நிழலும், மின்னும் கல்லும், திரும்பிய கழுத்தும்தான் நிற்கும். கோனி ஐலண்ட் குதிரைகளைப் பகலில், நிறுத்திவைத்துப் பார்ப்பவர்களுக்கு அவை கொஞ்சம் மிகையாகத் தெரிகின்றன. எனக்கும் அப்படித்தான் தெரிந்தன. விளக்கெரிய, சுழலும்போது பார்த்தால் அந்த மிகையின் அளவு எவ்வளவு சரியானது என்று புரிகிறது. இந்த அளவைப் பணம் சொல்லிக்கொடுக்க முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. உண்மையான கலைஞன் யாரும் காணாத இடத்தையும் அதே சிரத்தையோடு செய்வான், பார்ப்பவனுக்காக மட்டும் செய்வது வெறும் கடைவீதி வேலை என்பது நம்மில் பலருக்கும் ஊறிப்போன எண்ணம். நம் கோயில் குதிரை வாகனத்துக்கு இரு பக்கமும் வேலைப்பாடு உண்டே என்று கேட்பார்கள். உண்டு, ஏனென்றால் அது வீதியில் போகிறது, வீதிக்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. ராட்டினக் குதிரை எந்த வீதிக்கும் போவதில்லை. கோனி ஐலண்டில் செதுக்கிய இலியன்ஸ் போன்ற யூதர்களின் பழக்கத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூத வழிபாட்டுக் கூடங்களில் தோரா சுருள்களை வைக்கும் பேழையின் மேல் மரச் சிங்கங்கள் செதுக்கும் மரபு இருந்தது. அந்த மரபு கடல் கடந்து ராட்டினத்துக்கு வந்த கதையை நியூயார்க்கின் அமெரிக்க நாட்டார் கலை அருங்காட்சியகம் 2007-இல் ஒரு கண்காட்சியாகவே வைத்தது. இலியன்ஸ் இரண்டு வேலையும் செய்தவர். பேழைச் சிங்கம் சபையைப் பார்த்து நிற்பது. அதன் முதுகுக்குப் பின்னால் சுவர்தான். முகத்தை மக்கள் பக்கம் வைத்து, முதுகைச் சுவருக்கு விடும் ஒழுங்கு இவர்கள் கைக்குப் பழகியிருந்தது என்று நான் ஊகிக்கிறேன். வழிபாட்டுக் கூடத்தில் அதைப் பக்தி என்போம். கேளிக்கைப் பூங்காவில் வந்தால் மட்டும் ஏமாற்று என்பது நியாயமில்லை.

உள்வரிசைக் குதிரையில் ஏறும் பிள்ளைக்கு இதில் ஓர் அநீதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதே கட்டணம், சிறிய குதிரை, குறைந்த பூ. அதைவிடப் பெரிய அநீதி வேலியில் இருந்தது. வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்தில் க்ளென் எக்கோ பூங்காவில் டென்ட்ஸெல் நிறுவனம் 1921-இல் நிறுவிய ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. குதிரைகளோடு நான்கு முயல்கள், நான்கு நெருப்புக்கோழிகள், ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், புலி எல்லாம் உண்டு. நான் பார்த்தவற்றில் விலங்கழகு மிகுந்தது அதுதான். அந்தப் பூங்கா வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்தது. 1960 ஜூன் 30 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைந்து இந்த விலங்குகளின் மேல் ஏறி அமர்ந்தார்கள். இறங்க மறுத்த ஐந்து பேரைக் கைது செய்தார்கள். அந்தக் கோடைக்காலம் முழுவதும் வாசலில் மறியல் நடந்தது. அக்கம்பக்கத்து வெள்ளையர் குடும்பங்களும் சேர்ந்துகொண்டன. 1961-இல் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. அந்த ஐவர் மீதான தண்டனையை உச்ச நீதிமன்றம் 1964-இல் ரத்து செய்தது. பால்டிமோர் அருகே க்வின் ஓக் பூங்காவில், வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே 1963 ஆகஸ்ட் 28 அன்றுதான் தடை நீங்கி, ஒரு வயது நிறையாத கறுப்பினக் குழந்தை முதன்முதலாக ராட்டினத்தில் ஏறியது. இந்தச் சம்பவங்களைப் படிக்கும்போது, வெளியே நிற்பவருக்காகச் செதுக்கினார்கள் என்ற என் வாதம் ஆட்டம் காண்கிறதா? எனக்கு அது இன்னும் உறுதிப்படுகிறது. செதுக்கியவர்கள் வெளியே திருப்பிவைத்த முகம் யாரையும் தோலின் நிறம் பார்த்து அழைக்கவில்லை. நிர்வாகம்தான் அந்த அழைப்பைப் பொய்யாக்கியது. மாணவர்கள் குதிரைமேல் அமர்ந்ததை, மரம் சொன்னதை அவர்கள் நம்பினார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சிக்கனத்தைப் புகழ்ந்தால், அதே சிக்கனம்தான் இந்தக் கலையைக் கொன்றது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டாமா என்று கேட்டால், பாதி ஒப்புக்கொள்வேன். நியூயார்க் மாநிலத்தின் நார்த் டோனவாண்டாவில் ஆலன் ஹெர்ஷெல் நிறுவனமும், கான்சாஸில் சி. டபிள்யூ. பார்க்கரும் ஊர் ஊராகப் போகும் திருவிழாக்களுக்கு ராட்டினம் செய்தார்கள். வண்டியில் அடுக்கிக் கட்ட வசதியாகக் குதிரைகள் ஒல்லியாகின. கால்கள் முன்னும் பின்னும் நீண்டு மடங்கின. கான்சாஸ்காரர் என்பதால் பார்க்கரின் குதிரைகளில் சில சோளக்கதிரைச் சுமந்தன, அது ஒரு அழகு. ஹெர்ஷெல் ஆலையில், மாதிரி ஒன்றைத் தடவி ஒரே நேரத்தில் பல துண்டுகளைக் கரடாக வெட்டித் தரும் இயந்திரம் வந்தது. இறுதி வேலை மட்டும் கையால். பிறகு, முறியும் கால்களுக்கும் தலைக்கும் பதிலாக அலுமினியம். அதன் பிறகு முழுக் குதிரையுமே அலுமினியம். அச்சில் வார்க்கும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று உழைப்பைப் பங்கிட வேண்டிய தேவையே இல்லை. உருகிய உலோகத்துக்குப் பூவும் வெறும் பட்டையும் ஒரே விலை. கையுழைப்பு விலையுயர்ந்ததாக இருந்தபோதுதான் அதை எங்கே செலவழிப்பது என்று யோசித்தார்கள். அந்த யோசனை போனதும் கலையும் போய்விட்டது. அதற்குள் 1928-இல் குஸ்தவின் மகன் வில்லியம் டென்ட்ஸெல் இறந்து, தந்தையின் நிறுவனம் போட்டியாளரான பிலடெல்பியா டொபாகன் கம்பெனியிடம் போயிற்று. அடுத்த ஆண்டு பங்குச்சந்தை சரிந்தது.

பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடியபோது குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. இங்கேதான் என் வாதத்துக்கு நடைமுறைப் பயன் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் வாங்கியிருக்காவிட்டால் பல குதிரைகள் விறகாகியிருக்கும் என்பது மெய். ஃப்ரெடரிக் ஃப்ரீட் 1964-இல் எழுதிய ராட்டின வரலாறுதான் முல்லர், இலியன்ஸ் போன்ற பெயர்களை உலகறியச் செய்தது, அவரும் சேகரிப்பாளரே. ஆனால் தனிக்குதிரையைச் சிற்பம் என்று வாங்கி வரவேற்பறையில் வைப்பவர், அதன் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. உள்வரிசைக் குதிரைக்கு விலை குறைவு, வெளிவரிசைக்குக் கூட. வாங்குபவர்கள் வெளிவரிசையைக் கொத்திக்கொண்டு போனால், மீதம் எலும்புக்கூடு. ஓஹையோவின் யங்ஸ்டவுனில் ஐடோரா பூங்கா 1984-இல் தீப்பிடித்து மூடப்பட்டபோது, அதன் 1922-ஆம் ஆண்டு ராட்டினத்துக்கும் இந்தக் கதி வந்திருக்கும். நியூயார்க்கைச் சேர்ந்த வாலண்டஸ் தம்பதி 3,85,000 டாலருக்கு முழுவதையும் சேர்த்து வாங்கினார்கள். ஜேன் வாலண்டஸ் பல ஆண்டுகள் சிறு கத்தியால் வண்ணப் படிவங்களைச் சுரண்டி அடிவண்ணத்தைக் கண்டெடுத்தார். 2011 முதல் 48 குதிரைகளும் புரூக்ளின் பாலத்துக்கருகே ஆற்றங்கரைக் கண்ணாடி மண்டபத்தில் சுற்றுகின்றன. வெளிவரிசை, உள்வரிசை எல்லாம் சேர்ந்து சுற்றும்போதுதான், உள்ளே நிற்கும் சிறு குதிரைகள் வெளியே உள்ளவற்றுக்கு ஆழம் கொடுக்கச் செய்தவை என்று தெரிகிறது.

பிள்ளைகள் ஏறி ஏறித் தேய்ந்துபோகுமே, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைப்பதல்லவா பாதுகாப்பு என்பது கடைசி மறுப்பு. கொலராடோ மாநிலத்தில் பர்லிங்டன் என்னும் சிற்றூர் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. டென்வர் பூங்கா ஒன்றுக்காக 1905-இல் செய்த ராட்டினத்தை, கிட் கார்சன் மாவட்டம் 1928-இல் இசைப்பெட்டியோடு சேர்த்து 1,250 டாலருக்கு வாங்கியது. பஞ்ச காலத்தில் அதை மூடி, கட்டடத்தில் தீவனம் சேமித்தார்கள். 46 விலங்குகள்; எல்லாம் கால் ஊன்றி நிற்பவை. அமெரிக்காவின் பழைய ராட்டினங்களில், விலங்குகளுக்கும் சுற்றுப்படங்களுக்கும் முதல் வண்ணம் அப்படியே இருப்பது இதில்தான். அது கண்ணாடிக்குள் இல்லை. கோடையில் ஆட்கள் ஏறுகிறார்கள். தேய்மானத்தைப் பராமரிப்பால் சமாளிக்கலாம். திறமை அற்றுப்போவதைச் சமாளிக்க முடியாது; அதற்குப் புதிதாகச் செதுக்க வேண்டும். ஓஹையோவின் மான்ஸ்ஃபீல்டில் 1991-இல் புதிய மரராட்டினம் வந்தது. மொன்டானாவின் மிஸூலாவில் சக் கபாரிச் என்ற தச்சர் ஊராரைச் சேர்த்துக்கொண்டு செதுக்கிய ராட்டினம் 1995-இல் சுற்றத் தொடங்கியது. யாரும் அதைப் பிரித்துவிடக் கூடாது என்பது அவர் நகராட்சியிடம் கேட்ட வாக்குறுதி. பழைய ராட்டினம் ஒன்றை ஏலத்துக்கு வைக்கும் எந்த ஊரும் இந்த ஒரு நிபந்தனையைப் போட்டாலே போதும்; விலை குறைந்தால் குறையட்டும்.

நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் வட்டாரத்தில் ஆறு ஹெர்ஷெல் ராட்டினங்கள் இருக்கின்றன. இலியன்ஸின் தங்கப் பிடரியோ முல்லரின் வார்கொக்கியோ அவற்றில் கிடையாது. எளிய, குதிக்கும் குதிரைகள். 1919-க்கும் 1934-க்கும் இடையில் அவற்றை ஊர்களுக்குக் கொடுத்தவர் ஜார்ஜ் எஃப். ஜான்சன் என்ற காலணி ஆலை முதலாளி. ஏழ்மையில் வளர்ந்தவர். ராட்டினத்தில் ஏற யாரிடமும் எக்காலத்திலும் பணம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அங்கே இன்றும் கட்டணம் கிடையாது. சிலவற்றில் ஒரு துண்டுக் குப்பையைப் பொறுக்கிக் கொண்டுவந்தால் போதும்.